விசாகா கமிட்டியில் புகார் கொடுத்த பிறகு: பழிவாங்கலைத் தடுக்கச் சட்டத்தில் என்ன இருக்கிறது?

புகார் கொடுத்த மறுநாளே யாரையும் வேலையை விட்டுத் தூக்கமாட்டார்கள். அப்படிச் செய்தால் மாட்டிக்கொள்வோம் என்று நிர்வாகத்துக்கும் தெரியும். முதலில் வாராந்தர மீட்டிங்குக்கு அழைப்பு வராது. பிறகு கையில் இருந்த ப்ராஜெக்ட் வேறு ஒருவருக்குப் போகும். வருடக் கடைசி அப்ரைசலில் நான்காக இருந்த ரேட்டிங் இரண்டாகும். அதற்குப் பிறகு எங்கோ ஒரு கிளைக்கு டிரான்ஸ்பர் ஆர்டர், 'நிர்வாகக் காரணங்களுக்காக' என்ற ஒற்றை வரியோடு. அலுவலகத்தில் பாலியல் தொல்லைக்கு ஆளான பெண் புகார் எழுதத் தயங்குவதற்குப் பாதிக் காரணம் நடந்த சம்பவம் என்றால், மீதிப் பாதி இந்தப் பயம்தான்.

இந்தியாவில் இதற்கான சட்டம் 2013-இல் வந்தது. பெயர் நீளமானது: பணியிடத்தில் பெண்களுக்கு எதிரான பாலியல் துன்புறுத்தல் (தடுத்தல், தடை செய்தல் மற்றும் தீர்வு காணுதல்) சட்டம். அலுவலகங்களில் 'போஷ்' என்பார்கள். அதன்படி அமைக்கப்படும் உள்ளகப் புகார் குழுவை ஐ.சி. என்றும், தமிழ்நாட்டில் இன்னும் பழைய பழக்கத்தில் 'விசாகா கமிட்டி' என்றும் சொல்கிறோம். ராஜஸ்தானில் குழந்தைத் திருமணத்தைத் தடுக்க முயன்ற ஓர் அரசுத் திட்டப் பணியாளர் 1992-இல் கூட்டு வன்கொடுமைக்கு ஆளானார். அதையொட்டிப் போடப்பட்ட விசாகா வழக்கில் 1997-இல் உச்ச நீதிமன்றம் வகுத்த நெறிமுறைகளிலிருந்து வந்த பெயர் அது.

அந்தத் தீர்ப்பில் ஒரு விஷயம் இன்றைக்கும் முக்கியம். பணியிடப் பாலியல் துன்புறுத்தலை ஒழுக்கப் பிரச்சினையாக மட்டும் நீதிமன்றம் பார்க்கவில்லை. சமத்துவ உரிமையையும், பாலினப் பாகுபாட்டுக்கு எதிரான உரிமையையும், தொழில் செய்யும் உரிமையையும் பறிக்கிற செயல் என்றது. அரசியலமைப்பின் 14, 15, 19(1)(எ), 21 ஆகிய பிரிவுகள். ஆக, 'ஏதோ தனிப்பட்ட மனஸ்தாபம், பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள்' என்று எச்.ஆர். சொன்னால் அது சட்டத்தின் அடிப்படையே தெரியாத பேச்சு.

யாருக்குப் பொருந்தும்

நிரந்தர ஊழியர், தற்காலிக ஊழியர், தினக்கூலி, கான்ட்ராக்டர் மூலம் வந்தவர், பயிற்சியாளர், அப்ரண்டிஸ், சம்பளம் இல்லாமல் வேலை பார்க்கும் இன்டர்ன் எல்லோருக்கும். அந்த இடத்தில் வேலையே பார்க்காத பெண்ணும், அதாவது வாடிக்கையாளரோ விற்பனைக்கு வந்தவரோகூட, புகார் கொடுக்கலாம். நிறுவனம் ஏற்பாடு செய்த கேப், வெளியூர் கான்ஃபரன்ஸ், ஆன்சைட் வேலை நடக்கும் இடம் எல்லாம் பணியிடம்தான். ஆனால் இந்தச் சட்டத்தின் கீழ் புகார்தாரராக இருக்கக்கூடியவர் பெண் மட்டுமே.

10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் ஒவ்வோர் இடத்திலும் குழு இருக்க வேண்டும். தலைமை அலுவலகத்தில் ஒன்று இருக்கிறதே என்பது போதாது. கிளைக்குக் கிளை தேவை. தலைவர் அங்கே மூத்த பொறுப்பில் உள்ள பெண்ணாக இருக்க வேண்டும், மொத்த உறுப்பினர்களில் பாதிப் பேராவது பெண்கள், ஒருவர் வெளியாள். 10 பேருக்குக் குறைவான இடம் என்றாலோ, புகாரே முதலாளி மீது என்றாலோ மாவட்ட அளவில் இருக்கும் உள்ளூர் புகார் குழுவுக்குப் போக வேண்டும். ஜவுளிக்கடை, சின்ன கிளினிக், நான்கு பேர் இருக்கும் ஆடிட்டர் ஆபீஸ் எல்லாம் இதில் அடங்கும். மத்திய அரசின் ஷீ-பாக்ஸ் இணையதளத்திலும் புகாரைப் பதியலாம். அது உரிய குழுவுக்கு அனுப்பிவைக்கப்படும்.

'பழிவாங்கல்' என்று சட்டத்தில் ஒரு பிரிவு இல்லை

இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. புகார் கொடுத்தவரைப் பழிவாங்கினால் இன்ன தண்டனை என்று 2013 சட்டத்தில் தனிப் பிரிவு கிடையாது. எங்கள் பார்வையில் அது சட்டத்தின் பெரிய ஓட்டை. ஆனால் துண்டு துண்டாகச் சில பாதுகாப்புகள் உள்ளே இருக்கின்றன. அவற்றைக் கேட்டு வாங்கத் தெரிய வேண்டும்.

முதல் துண்டு, பிரிவு 3(2). 'ஒத்துப்போனால் புரமோஷன்' என்ற ஆசைவார்த்தை, 'இல்லாவிட்டால் வேலை போகும்' என்ற மிரட்டல், வேலையில் தலையிடுவது, அச்சமூட்டும் சூழலை உண்டாக்குவது, உடல்நலம் கெடும் அளவுக்கு அவமானப்படுத்துவது ஆகியவை பாலியல் தொல்லையோடு சேர்ந்து நடந்தால் அவையும் துன்புறுத்தலாகக் கருதப்படலாம் என்கிறது இது. மேனேஜரின் விருப்பத்துக்கு மறுத்ததால் ரேட்டிங் குறைந்தது என்றால், அந்த ரேட்டிங்கும் புகாரின் ஒரு பகுதி. தனிக் குறையாக எச்.ஆருக்கு மெயில் போடாமல் புகார் மனுவிலேயே சேர்த்து எழுதுங்கள்.

இரண்டாவது, அதிகம் பயன்படாமல் கிடப்பது, பிரிவு 12. விசாரணை நடக்கும்போதே இடைக்கால நிவாரணம் கேட்கலாம். மூன்று வகை உண்டு: புகார்தாரரையோ எதிர்மனுதாரரையோ, அதாவது புகாருக்கு உள்ளானவரையோ, வேறு இடத்துக்கு மாற்றுவது, புகார்தாரருக்கு மூன்று மாதம் வரை விடுப்பு, அதுவும் அவருக்கு ஏற்கெனவே உள்ள விடுப்பில் கழிக்காமல், சட்ட விதிகளில் சொல்லப்பட்ட மற்ற உதவிகள். அந்த விதிகளில் 8-ஆவது விதியைத்தான் அழுத்திச் சொல்ல வேண்டும். எதிர்மனுதாரர் இனிமேல் அந்தப் பெண்ணின் வேலையைப் பற்றி அறிக்கை எழுதக் கூடாது, ரகசியக் குறிப்பு எழுதக் கூடாது, அந்தப் பொறுப்பை வேறொரு அதிகாரியிடம் கொடுக்க வேண்டும் என்று குழு பரிந்துரைக்கலாம். அப்ரைசல் பேனாவை அவர் கையிலிருந்து பிடுங்கும் விதி இது.

ஆனால் இதில் எதையும் குழு தானாகவே தராது. புகார்தாரர் எழுத்தில் கேட்க வேண்டும். கேட்டுக் குழு பரிந்துரைத்துவிட்டால், நிர்வாகம் அதை நிறைவேற்றியே ஆக வேண்டும். நிறைவேற்றியதாகக் குழுவுக்கு அறிக்கையும் தர வேண்டும். கடிதம் இவ்வளவு போதும்:

'உள்ளகப் புகார் குழுத் தலைவர் அவர்களுக்கு. நான் 12.03 தேதியிட்டுக் கொடுத்த புகார் விசாரணையில் உள்ளது. எதிர்மனுதாரர் எனது நேரடி மேலாளர். ஏப்ரல் மாத அப்ரைசலை அவரே எழுதவிருக்கிறார். பிரிவு 12, விதி 8-இன்படி அவர் எனது பணி மதிப்பீட்டை எழுதாதபடி தடுத்து, வேறு அதிகாரியிடம் ஒப்படைக்கக் கோருகிறேன். விசாரணை முடியும்வரை எனது தற்போதைய இடத்தையும் பொறுப்பையும் மாற்ற வேண்டாம் என்றும், இடமாற்றம் அவசியம் என்று குழு கருதினால் எதிர்மனுதாரரை மாற்றும்படியும் கேட்டுக்கொள்கிறேன்.'

கடைசி வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். பிரிவு 12 'புகார்தாரரையோ எதிர்மனுதாரரையோ' என்று இருவரையும் சொல்வதால், 'உங்கள் பாதுகாப்புக்காகத்தான்' என்று சொல்லிப் பெண்ணையே வேறு டீமுக்கு அனுப்பிவிடும் வேலை நிறைய நடக்கிறது. நிவாரணம் என்ற பெயரில் வரும் தண்டனை அது. விடுப்புக் கேட்பதானால் 'சம்பளத்துடன்' என்று எழுதுங்கள். அந்தப் பிரிவில் சம்பளம் பற்றிய சொல்லே இல்லாததால் பிறகு தகராறு வரும்.

காலக்கெடு: ஏமாந்துபோகும் இடம்

புகார் கொடுக்க, கடைசிச் சம்பவம் நடந்த நாளிலிருந்து மூன்று மாதம். தாமதத்துக்குத் தகுந்த காரணம் இருப்பதாகக் குழு கருதினால், காரணத்தை எழுதிவைத்து, மேலும் மூன்று மாதம் வரை ஏற்கலாம். மார்ச் 10-இல் கடைசிச் சம்பவம் என்றால் ஜூன் 10. நீட்டிப்போடு செப்டம்பர் 10. அதைத் தாண்டி ஏற்கக் குழுவுக்கு அதிகாரம் இல்லை.

'பழிவாங்கல் இன்னும் தொடர்கிறதே, அதையும் சேர்த்துக் கணக்கிட்டால் கெடு முடியவில்லையே?' என்று கேட்கத் தோன்றும். 2025 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் முடிவுசெய்த, கொல்கத்தாவில் உள்ள ஒரு சட்டப் பல்கலைக்கழகம் பற்றிய வழக்கில் இதே கேள்விதான் வந்தது. துணைவேந்தர் மீது ஒரு பேராசிரியரின் புகார். கடைசியாகச் சொல்லப்பட்ட துன்புறுத்தல் 2023 ஏப்ரலில். ஆகஸ்டில் அவர் ஒரு மையத்தின் இயக்குநர் பொறுப்பிலிருந்து நீக்கப்பட்டார். புகார் கொடுத்தது டிசம்பர் 26. பொறுப்பிலிருந்து நீக்கியதும் துன்புறுத்தலின் தொடர்ச்சியே என்ற வாதத்தை நீதிமன்றம் ஏற்கவில்லை. அது நிர்வாக நடவடிக்கை, ஏப்ரலோடு கடிகாரம் ஓடத் தொடங்கிவிட்டது என்றது. புகார் காலாவதி. வினோதமாக, இந்தத் தீர்ப்பைத் துணைவேந்தர் தம் சுயவிவரக் குறிப்பில் சேர்க்க வேண்டும் என்றும் அதே தீர்ப்பு உத்தரவிட்டது.

நடைமுறையில் இதன் பொருள்: மேலதிகாரி திருந்துவாரா, டீம் மாறினால் சரியாகுமா என்று காத்திருக்கும் ஒவ்வொரு வாரமும் இந்தக் கெடுவிலிருந்துதான் கழிகிறது. எச்.ஆரிடம் வாய்மொழியாகச் சொன்னதைப் புகார் கொடுத்ததாக எண்ணி இருந்துவிடாதீர்கள். எழுத்தில், குழுவின் பெயருக்குப் போயிருக்க வேண்டும். எழுத முடியாத நிலையில் இருந்தால் எழுத உதவுவது குழுவின் கடமை.

புகாரை எப்படி எழுதுவது

'அவர் எப்போதும் தப்பாகப் பேசுவார், எல்லோருக்கும் தெரியும்' என்று எழுதினால் குழுவால் எதையும் விசாரிக்க முடியாது. 'பிப்ரவரி 14, மாலை 6.40, மூன்றாவது மாடி மீட்டிங் அறை, ரெவ்யூ முடிந்து மற்ற இருவர் வெளியே போன பிறகு இன்னது சொன்னார், 7.05-க்கு நான் தோழிக்கு அனுப்பிய வாட்ஸ்அப் செய்தி இணைப்பில்' என்று எழுதினால் விசாரிக்கலாம். அன்றே யாரிடமாவது சொன்னது, அன்றே எழுதிவைத்த குறிப்பு ஆகியவற்றுக்கு மதிப்பு அதிகம். விதிப்படி புகாரின் ஆறு நகல்கள், ஆவணங்கள், சாட்சிகளின் பெயர், முகவரி கொடுக்க வேண்டும். குழு ஏழு வேலை நாளில் எதிர்மனுதாரருக்கு ஒரு நகல் அனுப்பும். அவர் பத்து வேலை நாளில் பதில் தர வேண்டும்.

'நான் அந்த நோக்கத்தில் சொல்லவில்லை' என்பது வழக்கமான பதில். செய்தவரின் நோக்கத்தைவிட, அந்தச் செயல் எதிரே இருந்தவருக்கு விருப்பமில்லாததாக இருந்ததா என்பதுதான் அளவுகோல் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2025 ஜனவரியில் சொல்லியிருக்கிறது.

பழிவாங்கலை நிரூபிக்க மூன்று தேதிகள் வேண்டும்: நீங்கள் புகார் கொடுத்த தேதி, அது அவருக்குத் தெரிந்த தேதி, உங்களுக்குப் பாதகமான முடிவு வந்த தேதி. நடுவிலுள்ளது தவறினால் 'எனக்குப் புகார் வந்ததே தெரியாது' என்று தப்பித்துவிடுவார். நகல் அனுப்பப்பட்ட தேதியைக் குழுவிடம் கேட்டு எழுதிவையுங்கள். பிறகு ஒப்பீடு: முந்தைய மூன்று வருட ரேட்டிங், பாராட்டு மெயில்கள், இதே வேலையைச் செய்யும் மற்றவர்களுக்கு என்ன ஆயிற்று என்பது.

இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. ஆதாரம் சேர்க்கும் அவசரத்தில் கம்பெனி ஃபைல்களையும் கிளையன்ட் மெயில்களையும் சொந்த ஜிமெயிலுக்கு அனுப்பிவிடுவார்கள். அது தகவல் பாதுகாப்பு விதிமீறல். வேலையை விட்டு அனுப்ப நிர்வாகத்துக்கு நீங்களே காரணம் எடுத்துக் கொடுத்தது போல ஆகும். உங்களுக்கு வந்த அப்ரைசல் கடிதம், சம்பளக் கடிதம், உங்கள் போனில் வந்த செய்திகள் ஆகியவற்றோடு நிறுத்துங்கள். மற்றவற்றுக்கு, ஆவணங்களை வரவழைக்கவும் சாட்சிகளை அழைக்கவும் குழுவுக்குச் சிவில் நீதிமன்றத்துக்கு உள்ள அதிகாரம் இருக்கிறது. சிசிடிவி பதிவு சில வாரங்களில் தானாக அழிந்துவிடும் என்பதால், அதைப் பாதுகாக்கச் சொல்லும் கோரிக்கையைப் புகாரோடு முதல் நாளே கொடுங்கள்.

இன்னொன்று, ரகசியம். புகார், பெயர்கள், விசாரணை விவரம் எதையும் வெளியிடக் கூடாது என்கிறது பிரிவு 16. கோபத்தில் டீம் குரூப்பில் பெயர் போட்டு எழுதினால் பேச்சு முழுக்க அதைச் சுற்றியே திரும்பிவிடும்.

விசாரணையில்

வக்கீல் வைத்துக்கொள்ள இரு தரப்புக்கும் அனுமதி இல்லை. தலைவர் உட்பட மூன்று பேராவது இருந்தால்தான் விசாரணை. தகுந்த காரணமின்றி மூன்று முறை தொடர்ந்து வராவிட்டால், 15 நாள் நோட்டீஸ் கொடுத்துவிட்டுப் புகாரை முடிக்கவோ ஒருதலைப்பட்சமாகத் தீர்க்கவோ குழுவால் முடியும். விடுப்பில் இருக்கும் புகார்தாரர் அழைப்பு மெயிலைப் பார்க்காமல் விட்டு இதில் சிக்குவதுண்டு. சொந்த மெயில் முகவரியையும் கொடுத்துவையுங்கள்.

விசாரணைக்கு முன் சமரசம் பேசலாம், ஆனால் பெண் கேட்டால் மட்டுமே. பணம் கொடுத்து முடிப்பதைச் சமரசத்துக்கு அடிப்படையாக வைக்கக் கூடாது. சமரசத்தில் ஒப்புக்கொண்டதை எதிர்மனுதாரர் மீறினால் மறுபடியும் குழுவிடம் போய் விசாரணையைத் தொடங்கவைக்கலாம். எனவே 'இனிமேல் ரேட்டிங்கில் தலையிடமாட்டார், டிரான்ஸ்பர் இருக்காது' என்பதை வாய்வார்த்தையாக விடாமல் சமரசக் குறிப்பில் எழுதவையுங்கள்.

90 நாளில் விசாரணை முடிய வேண்டும், முடிந்து பத்து நாளில் அறிக்கை இரு தரப்புக்கும் கிடைக்க வேண்டும், அது கைக்கு வந்த 60 நாளில் நிர்வாகம் செயல்பட வேண்டும். நஷ்டஈட்டைக் கணக்கிடும்போது மன உளைச்சலோடு வேலையில் இழந்த வாய்ப்புகளையும் குழு பார்க்க வேண்டும். நழுவிப்போன புரமோஷன், குறைந்த போனஸ் பற்றியெல்லாம் எண்களோடு சொல்லியிருந்தால்தான் அது அறிக்கையில் ஏறும்.

'நிரூபிக்க முடியாவிட்டால் பொய்ப் புகார் என்று என் மீதே நடவடிக்கை எடுப்பார்களாமே?' என்ற மிரட்டல் எச்.ஆர். அறையிலேயே வரும். பிரிவு 14 அப்படிச் சொல்லவில்லை. நிரூபிக்க முடியாமல் போவது மட்டுமே நடவடிக்கைக்குப் போதாது. தெரிந்தே பொய் சொன்னார், கெட்ட எண்ணம் இருந்தது என்று தனியாக விசாரித்து நிறுவ வேண்டும்.

சாட்சி சொன்ன சக ஊழியர்களின் நிலைதான் மோசம். பிரிவு 12 புகார்தாரருக்கு மட்டுமே. நிறுவனத்தின் சொந்த போஷ் கொள்கையில் சாட்சிகளைப் பழிவாங்கக் கூடாது என்று இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், மீறுவது பணி விதிமீறல்.

டிரான்ஸ்பர் வந்துவிட்டால்

2020 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்த்த ஒரு பொதுத்துறை வங்கி வழக்கு இதற்கு நல்ல பாடம். இந்தூர் கிளையின் தலைமை மேலாளர், நான்காம் நிலை அதிகாரி (வங்கியில் எண் கூடக்கூடப் பதவி உயரும்). மதுக் கான்ட்ராக்டர்களின் கணக்குகளில் உள்ள முறைகேடுகளை மேலே எழுதினார். மண்டல மேலாளர் மீது பாலியல் துன்புறுத்தல் புகாரும் இருந்தது. ஜபல்பூர் மாவட்டத்தில் முதல் நிலை அதிகாரி பார்க்கக்கூடிய சின்னக் கிளைக்கு மாற்றினார்கள். டிரான்ஸ்பர் என்பது பணியின் இயல்பு, யாரும் மறுக்க முடியாது என்பது வங்கியின் வாதம். பொதுவாக அது எடுபடும் வாதம்தான். ஆனால் தகுதிக்குக் கீழான இடம், முறைகேடுகளை எழுதியதற்குப் பின்னால் வந்த ஆர்டர், இரண்டையும் சேர்த்துப் பார்த்து அவர் பழிவாங்கப்பட்டிருக்கிறார் என்று நீதிமன்றம் சொன்னது. இந்தூருக்கே திருப்பி அனுப்பவும் 50,000 ரூபாய் செலவுத்தொகை தரவும் உத்தரவு. குழுவின் வெளி உறுப்பினர் அதே வங்கியின் வழக்குகளைப் பார்க்கும் பேனல் வக்கீல் என்பதையும் நீதிமன்றம் கவனித்தது. உங்கள் குழுவில் 'வெளியாள்' யார், நிறுவனத்திடமிருந்து அவருக்கு வேறு வேலை போகிறதா என்று பார்த்து, இருந்தால் தொடக்கத்திலேயே எழுத்தில் ஆட்சேபியுங்கள்.

அரசு, பொதுத்துறை ஊழியருக்கு உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு என்ற வழி இருக்கிறது. தனியார் நிறுவன ஊழியருக்கு அது எளிதில் கிடைக்காது. வேலைநீக்கம் செய்யப்பட்டவர் தொழிலாளர் சட்டத்தின்படி 'தொழிலாளி' என்றால் தொழிலாளர் துறையின் சமரச அலுவலரிடம் போகலாம். 2025 நவம்பர் 21 முதல் இது தொழில் உறவுகள் சட்டத்தொகுப்பு 2020-இன் கீழ் வருகிறது. நிர்வாகப் பொறுப்பில் இருப்பவர்கள் அந்த வரையறைக்குள் வரமாட்டார்கள். பெயரில் 'மேனேஜர்' என்றிருப்பதாலேயே வெளியே என்று நினைக்க வேண்டாம். உண்மையில் என்ன வேலை செய்தீர்கள் என்றுதான் பார்ப்பார்கள்.

ராஜினாமா கேட்டு நெருக்கினால் 'சொந்தக் காரணங்களுக்காக' என்ற வார்த்தையில் கையெழுத்துப் போடாதீர்கள். விலகித்தான் ஆக வேண்டும் என்றால், நிலுவையில் உள்ள புகாரின் தேதியையும் எந்தச் சூழலில் விலகுகிறீர்கள் என்பதையும் கடிதத்திலேயே எழுதுங்கள். வேலையை விட்டாலும் புகார் செத்துவிடாது.

குழுவின் பரிந்துரை சரியில்லை என்றால் மேல்முறையீட்டுக்கு 90 நாள், பரிந்துரை வந்த நாளிலிருந்து. நிர்வாகம் நடவடிக்கை எடுக்கட்டும் என்று காத்திருந்தால் அதில் 60 நாள் போய்விடும். குழுவையே அமைக்காத, அல்லது பரிந்துரைகளைக் கிடப்பில் போடும் முதலாளிக்கு 50,000 ரூபாய் வரை அபராதம். மீண்டும் அதே குற்றம் என்றால் இரட்டிப்பு, உரிமம் ரத்து வரை போகலாம். பெரிய கம்பெனிக்கு 50,000 ரூபாய் ஒரு டீம் லஞ்ச் பில். ஆனால் 2025 ஜூலையிலிருந்து, எத்தனை புகார் வந்தது, எத்தனை தீர்ந்தது, எத்தனை 90 நாளைத் தாண்டிக் கிடக்கிறது என்பதை இயக்குநர் குழு அறிக்கையில் காட்ட வேண்டும் என்று கம்பெனிகள் விதியில் சேர்த்திருக்கிறார்கள். 85-ஆவது நாளில் 'என் புகாரின் நிலை என்ன?' என்று ஒரு மெயில் போட்டால், பல இடங்களில் மறுநாளே பதில் வருவதற்கு அந்த மூன்றாவது எண்தான் காரணம்.